கிரியாட்டினின் / சிஸ்டாட்டின் சி விகிதம் 67: தசை குறைகிறதா? ஃபேட்டி லிவருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கேள்வி:
58 வயது ஆண், பிஎம்ஐ 24, மது இல்லை. ஸ்கேனில் முதல் நிலை ஃபேட்டி லிவர். கிரியாட்டினின் 0.68 மி.கி./டெ.லி., சிஸ்டாட்டின் சி 1.02 மி.கி./லி., கல்லீரல் என்சைம்களான எஸ்ஜிஓடி 38, எஸ்ஜிபிடி 49, பிளேட்லெட் 2.1 லட்சம். முதல் இரண்டையும் வகுத்து நூறால் பெருக்கினால் 67 வருகிறது. தசை போய்விட்டது என்று இதை வைத்துச் சொல்லலாமா? எடையைக் குறைக்கச் சொல்கிறார்கள், குறைக்கலாமா?

பதில் 1:
கணக்கு சரி. கிரியாட்டினின் தசையிலிருந்து வருகிறது. சிஸ்டாட்டின் சி என்ற புரதத்தை உட்கரு உள்ள எல்லா செல்களும் சுரக்கின்றன. இரண்டையும் வடிகட்டுவது சிறுநீரகம்தான். அதனால் வகுக்கும்போது சிறுநீரகத்தின் பங்கு பெருமளவு அடிபட்டு, தசையின் பங்கு மிஞ்சுகிறது. எண் இறங்க இறங்க தசைக்குறைவு சந்தேகம் கூடும். ஆனால் எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லை எண் இன்னும் இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் மதிப்பும் வேறு.

நம்புவதற்கு முன் ரிப்போர்ட்டைப் பாருங்கள். இரண்டும் ஒரே நாள் எடுத்த ரத்தமா? கிரியாட்டினினை என்சைம் முறையில் பார்த்தார்களா? பழைய ஜாஃபே முறையில் ரத்தத்திலுள்ள புரதம், குளுக்கோஸ் எல்லாம் சேர்ந்து நிறம் காட்டும், 0.7 போன்ற சின்ன எண்ணில் அந்தப் பிழை பெரிதாகத் தெரியும். முந்தைய நாள் இறைச்சி, கிரியாட்டின் பவுடர், கடும் உடற்பயிற்சி, டிரைமெத்தோப்ரிம் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை ஆகியவை கிரியாட்டினினை ஏற்றும். ஸ்டீராய்டு, புகைபிடித்தல், தைராய்டு மிகைச்சுரப்பு ஆகியவை சிஸ்டாட்டின் சி-யை ஏற்றும். அப்போது தசை நன்றாக இருந்தாலும் விகிதம் குறைந்து நிற்கும்.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஒன்று. உடல் கொழுப்பும் நாள்பட்ட அழற்சியும்கூட சிஸ்டாட்டின் சி-யை ஏற்றும். ஃபேட்டி லிவர் உள்ளவர்களிடம் விகிதம் குறைவாக இருப்பதில் ஒரு பங்கு இதனால் வருவது. முழுப் பழியையும் தசைமேல் போட முடியாது.

ஆனாலும் தொடர்பு மெய். இன்சுலின் சொல்லி குளுக்கோஸை அதிகம் வாங்கிக்கொள்வது தசைதான். அது குறைந்தால் மிச்சம் கல்லீரலுக்குப் போய்க் கொழுப்பாக மாறுகிறது. பருமன் இல்லாதவர்களிடமும் இது நடக்கும், உங்கள் ரிப்போர்ட்டில் நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

கல்லீரலில் தழும்பு உண்டா என்பதை இந்த விகிதம் சொல்லாது. அதற்கு ஃபிப்-4 என்ற கணக்கைப் போடுங்கள்: வயது × எஸ்ஜிஓடி, அதை பிளேட்லெட் (ஆயிரங்களில்) × எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 58 × 38 = 2204; 210 × 7 = 1470; விடை 1.5. 1.3-க்குக் கீழே இருந்தால் ஆபத்து குறைவு (65 வயதைத் தாண்டியவர்களுக்கு 2.0), 2.67-க்கு மேல் போனால் அதிகம். நீங்கள் நடுவில் இருப்பதால், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவை. 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. எஸ்ஜிஓடி தசையிலும் உண்டு. கடும் பயிற்சி செய்த மறுநாள் ரத்தம் கொடுத்தால் ஃபிப்-4 வீணாக ஏறிவிடும். சந்தேகமிருந்தால் தசைச் சேதத்தைக் காட்டும் சிபிகே பரிசோதனையையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் தசையை உறுதியாக எப்படித் தெரிந்துகொள்வது?

பதில் 3:
கைப்பிடி வலிமையை அளக்கச் சொல்லுங்கள். தசைக்குறைவுக்கான ஆசியப் பணிக்குழுவின் 2019 வரையறைப்படி ஆணுக்கு 28 கிலோவுக்குக் கீழ், பெண்ணுக்கு 18-க்குக் கீழ் என்றால் குறைவு. ஹைட்ராலிக் கருவி என்றால் உட்கார்ந்து, முழங்கையை 90 டிகிரி மடக்கி அழுத்த வேண்டும். கையைத் தொடையில் ஊன்றினால் எண் பொய்யாகும். குறைந்தது இரண்டு முறை அழுத்தி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கருவி இல்லையா? கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் டெக்சா ஸ்கேனில் தசை அளவைப் பார்ப்பது நல்லது.

எடையைப் பற்றி: பிஎம்ஐ 24-க்கு 3 முதல் 5 சதவீதம் போதும். சாப்பாட்டை மட்டும் வெட்டி இறக்காதீர்கள், கொழுப்போடு தசையும் போய்விடும். வாரம் இரண்டு மூன்று நாள் எடைப்பயிற்சி, தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் வரை புரதம் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டபின்). மறுபடி ரத்தம் கொடுக்கும்போது அதே லேப், அதே முறை. பயிற்சியை இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.