வேர்டில் ‘மெயிலிங்ஸ்’ டேப் காணவில்லை. புள்ளிக் கடிதங்கள் தேங்கி நிற்கின்றன

காரைக்குடி கணக்கர்:
வணக்கம். எங்கள் ஊர்க் கோயில் குடமுழுக்கை முன்னிட்டு, 200-க்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு (நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வழக்கில், கோயில் வரிக் கணக்கில் ஒரு குடும்பம் ஒரு புள்ளி) தனித்தனியே பெயரிட்டுக் கடிதம் அனுப்பும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. பெயர், விலாசம், வரிப் பாக்கி எல்லாம் எக்செலில் ஆயத்தமாக இருக்கின்றன. ஆனால் வேர்டு 2016-இல் ‘ரெஃபரன்சஸ்’ டேபுக்கு அடுத்து நேராக ‘ரிவ்யூ’ வந்து நிற்கிறது. இடையில் இருக்க வேண்டிய ‘மெயிலிங்ஸ்’ இல்லை. கண்ட்ரோல், எஃப்1 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ரிப்பன் (மேலே உள்ள கட்டளைப் பட்டை) முழுவதும் மடங்கி விரிகிறதே தவிர, அந்த டேப் வரவில்லை. மென்பொருளையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொல்கிறான் அண்ணன் மகன். வேறு வழி உண்டா?

தேவகோட்டை டி.டி.பி.:
மறுபடி நிறுவ வேண்டாம் ஐயா. வேர்டின் சொந்த டேப்களை மறைக்கத்தான் முடியும், அழிக்க முடியாது. ஆகையால் அது உள்ளேதான் இருக்கிறது. ரிப்பனில் வெற்றிடம் பார்த்து வலது சொடுக்குச் செய்து ‘கஸ்டமைஸ் தி ரிப்பன்’ என்பதைத் தேர்ந்தால் வரும் சாளரத்தின் வலப்பக்கப் பட்டியலில், ‘மெயிலிங்ஸ்’ என்பதன் முன்னுள்ள கட்டம் டிக் இல்லாமல் இருக்கும். டிக் இட்டு ஓகே கொடுங்கள். கீழே உள்ள ‘ரீசெட்’ பக்கம் அவசரப்பட்டுப் போகாதீர்கள். எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் கட்டளையைத் தேர்ந்தால், மேல்மூலையில் நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் பொத்தான்களும் போய்விடும்.

காரைக்குடி கணக்கர்:
மிக்க நன்றி, டேப் வந்துவிட்டது. ஆனால் ‘இன்சர்ட் மெர்ஜ் ஃபீல்ட்’, ‘ஃபினிஷ் அண்ட் மெர்ஜ்’ இரண்டும் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கின்றன, சொடுக்கினாலும் அசையவில்லை.

தேவகோட்டை டி.டி.பி.:
கட்டளை காணாமல் போவது வேறு, மங்கிக் கிடப்பது வேறு. மங்கியிருந்தால், அது செயல்படுவதற்கு முன் செய்ய வேண்டிய ஏதோ ஒன்று பாக்கியிருக்கிறது என்று பொருள். ‘செலக்ட் ரெசிபியண்ட்ஸ்’ சென்று, ‘யூஸ் ஆன் எக்ஸிஸ்டிங் லிஸ்ட்’ வழியாக எக்செல் கோப்பைக் காட்டிவிட்டால் அவை உயிர் பெறும். எக்செலின் முதல் வரிசையில் தலைப்புகள் இருக்கட்டும். அதன் பிறகும் மங்கியே இருந்தால், ‘ரிவ்யூ’ டேபில் ‘ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்’ மூலம் கோப்பு பூட்டப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.

இன்னொன்று: ‘விலாசம்’ என்ற தலைப்பை நம் நகரத்தார் அல்லாத யாரிடமும் விளக்கமின்றிக் கொடுக்காதீர்கள். நமக்கு அது பெயருக்கு முன்வரும் தலைமுறை எழுத்துகள். எங்கள் கடைக்குப் புதிதாக வந்த பையன் அதை முகவரி என்று கருதி, உறைகளில் ‘பழ.சித.ராம.’ என்று மட்டும் அச்சிட்டு அடுக்கி வைத்துவிட்டான். ஆகவே நேரே அச்சுக்கு அனுப்பாமல், ‘எடிட் இண்டிவிஜுவல் டாக்குமெண்ட்ஸ்’ கொடுத்துத் தனிக் கோப்பாக எடுத்துப் படித்துப் பாருங்கள்.

பள்ளத்தூர் ஓய்வாசிரியர்:
என்னைப் போல் இன்னும் வேர்டு 2003 வைத்திருப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. அதில் அடிக்கடி பயன்படுத்தாத கட்டளைகளை மெனு தானாகவே ஒளித்துவிடும். மெனுவின் அடியிலுள்ள இரட்டை அம்புக்குறியைச் சொடுக்கினால் அவை தெரியும். ‘டூல்ஸ்’, ‘கஸ்டமைஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’ சென்று ‘ஆல்வேஸ் ஷோ ஃபுல் மெனுஸ்’ என்பதில் டிக் இட்டுவிட்டால் இந்தக் கண்ணாமூச்சி நிற்கும். இதை அறியாமல் ஓராண்டுக் காலம் அடிக்குறிப்புகளைக் கையால் எண்ணிட்டு வந்தவன் நான்.

காரைக்குடி கணக்கர்:
பட்டியலை இணைத்ததும் பொத்தான்கள் தெளிந்துவிட்டன. சொன்னபடி தனிக் கோப்பாக எடுத்துப் பார்த்ததில் ஒரே ஒரு புள்ளியின் விலாசம் மட்டும் வெறுமையாக இருந்தது. எக்செலில் விட்டது நான்தான். எங்கள் பெரியப்பா வீடு.