பேக் பிரஷர்: எதிரழுத்தமா, தடையழுத்தமா?

> 'பேக் பிரஷர்' (back pressure) என்பதற்குப் 'பின்னழுத்தம்' வேண்டாம், வண்டியின் பின்பக்கம் என்று ஆகிவிடும். புகை வெளியேற முடியாமல் எஞ்சினை எதிர்த்துத் தள்ளுவதால் 'எதிரழுத்தம்' என்று வைக்கலாம்.

ஐயா, வணக்கம்.

'பின்னழுத்தம்' வேண்டாம் என்பது சரி. ஆனால் நம் கலைச்சொல் தொகுப்பின் வண்டிப் பழுதுபார்ப்பு அத்தியாயத்தில் 'எதிரழுத்தம்' ஆளைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும். எதிர்மின்னி (எலக்ட்ரான்), எதிர்மின்வாய் (கேத்தோடு) என்று படித்தவருக்கு 'எதிர்' என்றால் மைனஸ். 1990களின் செவ்ரோலே எஸ்-10, ஃபோர்டு ரேஞ்சர் மாதிரிப் பெட்ரோல் பிக்கப்பில் இழுவை குறைந்தால் முதலில் மாட்டுவதே வாக்குவம் கேஜ். அது காட்டுவது வளிமண்டலத்தைவிடக் குறைந்த அழுத்தம். நாம் பெயர் தேடுவதோ கூடுதல் அழுத்தத்துக்கு. இரண்டும் ஒரே பக்கத்தில் வருகின்றன.

சோதனையைப் பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறியதும், திராட்டிலுக்கும் (காற்றின் வரத்தைக் கட்டுப்படுத்தும் அடைப்பான்) எஞ்சினுக்கும் இடையில், இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த்தொகுதி) உள்ள குழாய்முனையில் கேஜை மாட்ட வேண்டும். ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) முள் ஆடாமல் 17 முதல் 21 அங்குலப் பாதரசத்துக்குள் (இந்த கேஜின் அழுத்த அலகு) நிற்க வேண்டும். (கடல்மட்டக் கணக்கு இது. 1000 அடி உயரத்துக்கு ஏறத்தாழ 1 அங்குலம் குறையும். ஊட்டியில் 12 காட்டினால் பயப்பட வேண்டாம்.) பிறகு 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, ஒரு நிமிடம் அப்படியே பிடிக்க வேண்டும். நல்ல எஞ்சினில் முள் சட்டென்று விழுந்து, பழைய அளவுக்கோ அதற்கு மேலோ ஏறி நிற்கும். புகைவழி அடைத்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே போகும். ஐடிலிலேயே 14, 15இல் ஆடாமல் நின்றால் அது வேறு கதை, இக்னிஷன் டைமிங்கைப் பார்க்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் நேரடியாக அளக்கலாம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு (புகையின் நச்சைக் குறைக்கும் பெட்டி) முன்னால் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி, அதே எம்18×1.5 மரையில் கேஜ் அடாப்டரை முடுக்க வேண்டும். ஐடிலில் 1.5 பிஎஸ்ஐக்குள் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), 2500 ஆர்பிஎம்மில் 3க்குள் இருந்தால் பெரிய அடைப்பில்லை. அதுவும் சுமையில்லாமல் எடுத்த அளவுதான். புகையோட்டம் இரண்டு மடங்கானால் இந்த அழுத்தம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஐடிலில் சாதுவாக நிற்கும் வண்டி மேட்டில் மூச்சுத் திணறுவது அதனால்தான். பழைய புகை சிலிண்டரில் தங்கிவிடுகிறது, புதிய கலவைக்கு இடமில்லை.

இந்த அழுத்தத்தைப் பிறப்பிப்பது பாதையில் உள்ள தடை. ஆகவே என் பரிந்துரை: தடையழுத்தம்.

---

தம்பி,

எதிர்மின் குழப்பம் நியாயமான ஆட்சேபம். 'எதிரழுத்தம்' போகட்டும். ஆனால் பட்டறையில் 'சைலன்சர் அடைப்பு' என்றுதானே சொல்கிறோம்? அப்படியிருக்க 'அடைப்பழுத்தம்' என்றே வைத்தால் மெக்கானிக் உடனே பிடித்துக்கொள்வார். 'தேக்கழுத்தம்' என்பதையும் யோசித்தேன். பாய்மவியலில் ஓட்டம் நின்ற புள்ளியின் அழுத்தத்துக்கு அது தேவைப்படும் என்பதால் விட்டுவிட்டேன்.

---

ஐயா,

அடைப்பு என்பது கோளாறு. இந்த அழுத்தமோ புது வண்டியிலும் உண்டு. கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு போல் இருக்கும் பீங்கான் பகுதி, மஃப்ளரின் (சைலன்சரின்) தடுப்புத் தகடுகள், குழாய் வளைவு எல்லாமே தடைகள்தாம். 'அடைப்பழுத்தம் 1 பிஎஸ்ஐ, சரி' என்று எழுதினால் படிப்பவர் நல்ல கன்வெர்ட்டரைக் கழற்றி எறிவார். 'தடையழுத்தம் 1 பிஎஸ்ஐ, சரி' என்றால் சிக்கலில்லை. அளவு மீறினால் 'மிகைத் தடையழுத்தம்', அதற்குக் காரணம் அடைப்பு. பட்டறைச் சொல்லுக்கும் இடம் கிடைத்துவிடுகிறது.

பதிவில் இரண்டு குறிப்புகள் அவசியம். ஒன்று, அடைப்பு எங்கே என்று பிரித்துக் காட்டுவது. எஞ்சின் ஆறியபின் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஃபிளாஞ்சை (குழாய்களைப் பூட்டும் விளிம்புத் தட்டு) தளர்த்தி, மறுபடி ஓட்டி அளக்க வேண்டும். தடையழுத்தம் இறங்கினால் மஃப்ளர் பக்கம், இறங்காவிட்டால் கன்வெர்ட்டர் பக்கம். தேன்கூடு உடைந்து துண்டுகள் உருண்டால் அடைப்பு வந்து வந்து போகும். அதனால் ரப்பர் சுத்தியலால் தட்டிக் கலகல சத்தம் வருகிறதா என்றும் கேட்க வேண்டும்.

மற்றொன்று, மிஸ்ஸிங், அதாவது சிலிண்டரில் கலவை எரியாமல் தவறுவது. பிளக்கோ காயிலோ பழுதாகி, எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் பீங்கான் தேன்கூடு உருகி வழியை மூடிவிடும். மிஸ்ஸிங்கைச் சரிசெய்யாமல் புதுக் கன்வெர்ட்டர் போட்டால் அதற்கும் அதே கதிதான். இதைத் தடையழுத்தப் பதிவின் கீழேயே தடித்த எழுத்தில் போடக் கேட்டுக்கொள்கிறேன்.