உதவி: பாடும்போது குரல் பின்தங்குகிறது, 40 ஆயிரத்தில் எதை வாங்குவது?

சுருதிப்பெட்டி:
வணக்கம். லேப்டாப்பில் பாடிப் பதிவு செய்கிறேன். என் குரல் எனக்கே அரை நொடி கழித்துத்தான் காதில் விழுகிறது, தாளத்தில் நிற்கவே மாட்டேன் என்கிறது. 40 ஆயிரம் இருக்கிறது. புது லேப்டாப்பா, மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸா, கண்டென்சர் மைக்கா? ஞாயிற்றுக்கிழமைக்குள் வாங்கியாக வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.

கீழ்ஸ்தாயி:
விண்டோஸா, மேக்கா? எந்த மென்பொருள்? இப்போது என்ன மைக்?

பழையகேசட்:
பஃபர்தான், அதாவது கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு, சந்தேகமே வேண்டாம். 1024 சாம்பிளில் வைத்திருப்பீர்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் அது 23 மில்லிநொடி, போக வர இரண்டு மடங்கு. 128-க்கு இறக்கினால் ஒரு பக்கம் 3 மில்லிநொடிதான். விண்டோஸ் என்றால் தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ4ஆல் டிரைவர் போடுங்கள், இலவசம்.

மிக்ஸிங்மாமா:
இதே கேள்விக்கு எத்தனை தடவை பதில் சொல்வது? தேடிப் பார்க்கும் வழக்கமே போய்விட்டது. இன்டர்ஃபேஸ் இல்லாமல் பதிவு செய்வதெல்லாம் விளையாட்டு. முதலில் அதை வாங்கு தம்பி, அப்புறம் பேசலாம்.

கீழ்ஸ்தாயி:
தம்பியா தங்கையா என்றே தெரியாது மாமா. கேசட், உங்கள் கணக்குப்படியே 46 மில்லிநொடிதான் வருகிறது. அவர் சொல்வது அரை நொடி. சுருதிப்பெட்டி, காதில் மாட்டியிருப்பது என்ன?

கோடைமழை:
எதை வாங்கினாலும் கண்டென்சர் மைக்கை அவசரப்பட்டு வாங்காதீர்கள். அதற்கு மைக் வயர் வழியாகவே போகும் 48 வோல்ட் மின்சாரம், ஃபேன்டம் பவர், வேண்டும். சின்னச் சத்தத்தையும் பிடித்துவிடும்: மின்விசிறி, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் எல்லாம் பாட்டில் சேரும். எஸ்எம்58 போல, சுற்றுச் சத்தத்தைக் குறைவாகப் பிடிக்கும் ஒரு டைனமிக் மைக் போதும்.

மிக்ஸிங்மாமா:
58 மேடை மைக். ஸ்டுடியோ என்றால் கண்டென்சர்.

கோடைமழை:
எஸ்எம்7 ஸ்டுடியோ மைக்தானே, அதுவும் டைனமிக்தான். தவிர, இது ஸ்டுடியோ இல்லை, படுக்கையறை.

மிக்ஸிங்மாமா:
எஸ்எம்7-க்குக் கெயின், அதாவது ஒலியைப் பெருக்கும் அளவு, எவ்வளவு வேண்டும் தெரியுமா? சும்மா பெயரைச் சொல்லிவிட்டுப் போகக் கூடாது.

கோடைமழை:
தெரியும். நான் வாங்கச் சொன்னது 58.

இலவசப்பிரியன்:
மென்பொருளுக்குக் கொட்டாதீர்கள். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளை 60 நாள் முழுதாக ஓட்டிப் பார்க்கலாம், பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். மின்னணு இசை ஒலிகளை உருவாக்கும் சின்தசைசர் மென்பொருளுக்கு வைட்டல், இலவசப் பதிப்பே தாராளம்.

சுருதிப்பெட்டி:
புளூடூத் ஹெட்போன். இப்போது வயர் ஹெட்போன் மாட்டினேன், சரியாகிவிட்டது. நன்றி.

கீழ்ஸ்தாயி:
புளூடூத் மட்டுமே 200 மில்லிநொடி வரை இழுத்துவிடும், டிரைவர் தாமதம் வேறு. லேப்டாப்பை மாற்றியிருந்தாலும் தீர்ந்திருக்காது. இன்டர்ஃபேஸ் வாங்கினால், குரலைக் கணினி வழியாகச் சுற்றாமல் நேராகக் காதுக்கு அனுப்பும் டைரக்ட் மானிட்டர் உள்ளதாகப் பாருங்கள். இப்போது என்ன மைக் என்று இன்னும் சொல்லவில்லையே?

மிக்ஸிங்மாமா:
அதெல்லாம் இருக்கட்டும். 58-இல் பதிவு செய்த குரல் ஒன்றைப் போடுங்கள் கோடைமழை, கேட்போம்.