மறு: சொன்னவுடன் செயலாகிவிடும் வாக்கியத்துக்கு என்ன பெயர்?

> 'நிகழ்த்துரை' போதாதா? சிலர் அப்படித்தானே எழுதுகிறார்கள்?

போதாது ஐயா. 'நிகழ்த்து' என்றதும் கூத்தும் மேடையும்தான் கண்முன் வரும். நாம் மொழிபெயர்ப்பவையோ பத்திரங்கள். எகிப்தில் அஸ்வானை அடுத்த எலிஃபன்டைன் தீவில், பாரசீகர் ஆண்ட கி.மு. 5ஆம் நூற்றாண்டில், யூதப் படைவீரர் குடும்பங்கள் அரமேய மொழியில் எழுதி வைத்தவை.

மஹ்சேயா தன் மகள் மிப்தஹியாவுக்கு வீட்டுமனை எழுதி வைக்கும்போது 'உனக்குக் கொடுத்தேன்' என்கிறான். வடிவம் இறந்தகாலம். ஆனால் என்றோ கொடுத்ததை அவன் சொல்லவில்லை. சாட்சிகள் முன் அந்தச் சொல்லால்தான் கொடுக்கிறான்.

> தொல்காப்பியத்தில் விரைவுப் பொருளில் இறந்தகாலம் வருமே, அதுதானே இது?

இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் உள்ளே இருந்தபடியே 'இதோ வந்துட்டேன்' என்கிறோமே, அங்கே வருகை இன்னும் நடக்கவில்லை. இங்கே கொடை முடிந்தே போகிறது. சோழர் கல்வெட்டில் சபையார் சொல்லும் 'விற்றுக்குடுத்தோம்' இதற்கு நெருங்கிய உறவு.

இறந்தகாலத்தை வைத்துப் பெயரிடலாம் என்றால் திருமணப் பத்திரம் குறுக்கே நிற்கிறது: 'அவள் என் மனைவி, நான் அவள் கணவன், இன்று முதல் என்றென்றைக்கும்.' இதில் வினைச்சொல்லே கிடையாது, நம் பெயர்ப்பயனிலை போல. மணமுறிவு இன்னும் வேடிக்கை. சபையில் எழுந்து 'என் கணவனை வெறுத்தேன்' என்று மனைவியும் சொல்லலாம். மனநிலை அறிக்கை போலத் தோன்றும். உண்மையில் அதுவே விலகல். சொன்னவர் 'வெறுப்பின் வெள்ளி' என்ற விலகல் தொகையைக் கட்ட வேண்டும். மிப்தஹியாவின் திருமணப் பத்திரத்தில் அது ஏழரை ஷெக்கேல் (அக்கால எடை அளவு) வெள்ளி.

ஆகவே என் பரிந்துரை 'செய்கூற்று'. வினைத்தொகை என்பதால் முக்காலமும் உள்ளடங்கும். அரமேயத்தின் 'கொடுத்தேன்', ஆங்கிலத்தார் நிகழ்காலத்தில் 'கொடுக்கிறேன்' என்று சொல்வது, இரண்டுக்கும் பொருந்தும். பேசுவதே ஒரு செயல் என்று மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின் வகுத்த பெரிய வகைக்குச் (speech act) 'சொற்செயல்' இருக்கட்டும். அதனுள் ஒன்று செய்கூற்று.

> நகைக்கடைச் செய்கூலி மாதிரி ஒலிக்கிறது. கூற்று என்றால் எமனும்கூட.

ஒலிக்கட்டும், பழகிவிடும். எமனுக்கு அஞ்சினால் நேர்கூற்று, அயற்கூற்று எதையும் எழுத முடியாது. 'செயற்கூற்று' என்று திருத்திவிடாதீர்கள். அது செயலைப் பற்றிய கூற்று என்றும் படும்.

மொழிபெயர்ப்பில், ஆங்கிலத்தின் hereby போல, 'இதனால்' என்று ஒட்டுப்போடும் எண்ணமும் எனக்கில்லை. கிரயப் பத்திரம் படித்த எவருக்கும் 'கொடுத்தேன்' என்றாலே விளங்கும். மாற்றுக்கருத்து இருந்தால் எழுதுங்கள்.