சிறிய பள்ளி மாவட்டமும் டெக்சாஸ் மாநிலச் சராசரியும்: எங்கள் அனுபவங்கள்

மேற்கு டெக்சாஸிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் மருத்துவப் பயிற்சியை முடித்தபின், விசா விதிகளின்படி மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்றாண்டு பணியாற்ற வேண்டியிருந்தது. அதற்காக லபக் நகரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவில், நாற்புறமும் பருத்திக் காடு சூழ்ந்த ஒரு சிற்றூருக்குக் குடிவந்தோம். மூன்றாண்டு என்று வந்தவர்கள் ஏழாண்டாக இங்கேயே இருக்கிறோம். இத்தகைய ஊர்களுக்கு வர நேரும் பெற்றோர் முதலில் தேடிப் பார்ப்பது பள்ளி மாவட்டத்தின் மதிப்பெண்ணைத்தான் என்பதால், அதைப் பற்றி நான் கண்டதை எழுதுகிறேன்.

பள்ளி மாவட்டம் என்பது நம் ஊர் வருவாய் மாவட்டத்தைப் போன்றதன்று. பள்ளிகளை நடத்துவதற்கென்றே ஊரார் தேர்ந்தெடுக்கும் குழுவும், சொத்துவரி விதிக்கும் உரிமையும் உடைய தனி அமைப்பு அது. டெக்சாஸில் இத்தகைய அமைப்புகள் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 55 லட்சம் மாணவர்கள் பொதுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் மழலை வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மொத்தம் 160 பேர், ஒரே கட்டடம். மாவட்டப் பள்ளி நிர்வாகத்தின் தலைவரான கண்காணிப்பாளரே சில நாள் காலையில் பள்ளிப் பேருந்தையும் ஓட்டுகிறார்.

மாநிலக் கல்வி முகமை ஆண்டுதோறும் வெளியிடும் செயல்திறன் அறிக்கையில் மாநிலம், வட்டாரம், மாவட்டம் என எண்கள் அடுத்தடுத்த பத்திகளில் நிற்கும். என் மகள் நான்காம் வகுப்பில் இருந்த ஆண்டு, அவளுக்கு ஒரு வகுப்பு கீழே இருந்த ஒன்பது குழந்தைகளில் ஏழு பேர், மாநிலம் நடத்தும் 'ஸ்டார்' (STAAR) வாசிப்புத் தேர்வில் அடிப்படைத் தேர்ச்சி நிலையை எட்டினார்கள். அறிக்கையில் 78 விழுக்காடு என்று வந்தது. மாநிலத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேரே அந்த நிலையை எட்டுவதால், "மாநிலத்தை விஞ்சினோம்" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு எட்டுப் பேரில் நால்வர் எட்டவில்லை. எண் 50 ஆயிற்று, பேச்சும் மாறிற்று. ஆசிரியர் அதே ஆசிரியர், புத்தகமும் அதே புத்தகம். அந்த நால்வரில் ஒருத்திக்கு எழுத்துகளைப் பிரித்தறிவதில் இடர் இருப்பது அந்த ஆண்டுதான் கண்டறியப்பட்டது. ஒருவன் தேர்வுக்கு முந்தைய வாரம் தந்தையை இழந்தவன். மற்ற இருவரும் வாசிப்பில் உண்மையாகவே பின்தங்கியிருந்தார்கள், அதையும் மறைப்பதற்கில்லை. மாநிலப் பத்தியில் ஒரு குழந்தையின் சறுக்கல் தெரியவே தெரியாது; எங்கள் பத்தியில் ஒரு குழந்தை பன்னிரண்டரை விழுக்காடு.

இன்னொன்று. மாணவர்களை இன வாரியாகப் பிரித்துக் காட்டும் வரிசைகளில், தேர்வெழுதியவர் மிகச் சிலராக இருந்தால், அவர்களை அடையாளம் காண முடியாதபடி எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இடுவார்கள். எங்கள் மாவட்டத்தில் 'ஆசியர்' என்ற வரிசையில் எல்லாக் கட்டங்களிலும் நட்சத்திரமே. அடையாளம் தெரியக் கூடாது என்று வைத்த அந்தக் குறி யார் என்பது ஊரில் அஞ்சல் நிலையம் வரைக்கும் தெரியும்: அது என் மகள்.

உயர்நிலை வகுப்புக் கணித ஆசிரியர், திருநெல்வேலியிலிருந்து வந்தவர்

சகோதரி எழுதியதை வகுப்பறைப் பக்கத்திலிருந்து தொடர விரும்புகிறேன். ஆசிரியர் கிடைக்காத சிறிய மாவட்டங்கள் வெளிநாட்டிலிருந்து ஆசிரியர்களை அழைத்துக்கொள்வதுண்டு. அப்படி வந்தவன் நான். மாநில அளவில் ஓர் ஆசிரியருக்கு ஏறத்தாழ 15 மாணவர்கள் என்றால், எங்கள் மாவட்டத்தில் ஒன்பது பேர்தான். இதைப் பார்க்கிற பெற்றோர் மகிழ்ந்துபோகிறார்கள். ஆனால் அந்த ஒன்பது என்ற எண்ணுக்குள் நான் நாள்தோறும் இயற்கணிதம் இரண்டு நிலை, வடிவியல், நுண்கணித முன்பயிற்சி என்று நான்கு வெவ்வேறு பாடங்களுக்கு ஆயத்தம் செய்வது அடங்கியிருப்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. நுண்கணிதம் கற்க விரும்பியவர்கள் சென்ற ஆண்டு இருவர். இருவருக்காக ஒரு வகுப்பு நடத்த இயலாதென்று, அவர்களை இணையவழியே ஒரு சமுதாயக் கல்லூரிப் பாடத்தில் சேர்த்துவிட்டார்கள்.

தலைக்கு ஆகும் செலவைப் பார்த்தாலும் இதே மயக்கம் உண்டு. கூரையைச் செப்பனிடும் செலவும் பேருந்துக்கான டீசலும் 160 பேருக்கும் ஆகும், 600 பேருக்கும் ஆகும். வகுக்கும் எண் சிறிதாக இருப்பதால் ஈவு பெரிதாகத் தெரிகிறது. 1,600 மாணவருக்குக் குறைந்த மாவட்டங்களுக்கு மாநில நிதிமுறையில் தனி ஒதுக்கீடு இருப்பதும் இந்தக் காரணத்தால்தான். ஆனால் ஊதியத்தில் அந்தப் பெருக்கம் இல்லை. மாநிலச் சராசரி ஆசிரியர் ஊதியம் ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டியபோது, நான் அதைவிட வெகு கீழே இருந்தேன். ஊதியத்தை உயர்த்த முடியாத மாவட்டங்கள் பல, வாரத்தில் நான்கு நாள் மட்டும் பள்ளி நடத்தி ஆசிரியர்களை ஈர்க்கின்றன. 2015-இல் பள்ளி ஆண்டை நாள்களால் அளப்பதை விட்டு 75,600 நிமிடங்களாக அளக்கும்படி சட்டம் மாறியதால் இது இயன்றது. எங்கள் மாவட்டத்திலும் வெள்ளிக்கிழமை வகுப்பு இல்லை; அமெரிக்கக் கால்பந்தாட்டம் மட்டும் உண்டு.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். நான் வந்த மூன்றாம் ஆண்டு, பத்துப் பேர் கொண்ட இறுதி வகுப்பில் ஒரு மாணவன் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் கடன். எத்தனையோ முறை நேரில் சென்று பேசினேன், திரும்பவில்லை. அவ்வாண்டு எங்கள் பட்டமளிப்பு விகிதம் 90 விழுக்காடு, மாநில விகிதமும் ஏறத்தாழ அதுவே. "மாநிலத்துக்கு நிகர்" என்று கூட்டத்தில் வாசித்தார்கள். நான் அந்தக் காலி இருக்கையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாலஸ் புறநகரிலிருந்து ஒரு தாய்

எங்கள் மாவட்டத்தில் பல்லாயிரக்கணக்கான மாணவர்கள். எண்களைப் பார்த்து வீடு வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. மாநிலத்தைவிட எல்லாக் கட்டங்களிலும் மேலே இருக்கிறோம், மறுக்கவில்லை. ஆனால் என் மகன் இசைக் குழுவில் இரண்டு முறை தேர்வுக்குச் சென்று இரண்டு முறையும் இடம் கிடைக்காமல் திரும்பினான். வகுப்பில் முதல் பத்து விழுக்காட்டினருக்குப் பெரும்பாலான மாநிலப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம் தரும் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தை நம்பியும் இங்கே பயனில்லை; எல்லாரும் ஏறக்குறைய முழு மதிப்பெண் வாங்கும் வகுப்பில் அந்தப் பட்டியல் எட்டாக்கனி. உங்கள் மகளுக்கு அங்கே எப்படி அம்மா?

மேற்கு டெக்சாஸிலிருந்து ஒரு தாய்

இங்கே எவரையும் தேர்ந்தெடுத்து விலக்குவதற்கு ஆளே இல்லை. என் மகள் இசைக் குழுவில் கிளாரினெட் வாசிக்கிறாள், ஓரங்க நாடகத்தில் நடிக்கிறாள், பத்து நிமிடத்தில் 80 கணக்குகளை மனத்தாலேயே போட வேண்டிய எண்ணறிவுப் போட்டிக்கும் போகிறாள். அந்தப் போட்டியில் விடையை அழித்து எழுதவும் கூடாது. ஆறு பேர் ஆடும் கால்பந்துக்கே ஆள் சேர்ப்பது சில ஆண்டு பெரும்பாடு. இடைவேளையில் ஆட்டக்காரர்களே சீருடையோடு வந்து இசைக் குழுவில் நின்று வாசிப்பதைக் கண்டிருக்கிறேன். பத்து விழுக்காடு என்றீர்கள். அவள் வகுப்பில் பதினொருவர், ஆகவே அது ஏறத்தாழ ஒரே ஒருவர். அந்த ஓர் இடத்துக்கு அவளுக்கும் அவளுடைய நெருங்கிய தோழிக்கும் போட்டி என்பது இருவருக்கும் இப்போதே தெரியும். அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

ஆசிரியர் ஐயா சொன்ன நுண்கணிதக் குறை எங்களுக்கும் உண்டு. அதற்காகத்தான் வேறு ஊருக்கு மாறலாமா என்று ஆண்டுதோறும் ஜூனில் பேசி, ஆகஸ்டில் பேச்சை நிறுத்திவிடுகிறோம். இந்த ஆண்டு ஒரு பிலிப்பைன்ஸ் செவிலியரின் மகன் ஏழாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். 'ஆசியர்' வரிசையில் இனி எண் வருமா என்று பள்ளி அலுவலகத்தில் விளையாட்டாகக் கேட்டேன். ஐந்து பேராவது வேண்டுமாம்; இன்னும் மூவர் குறைகிறார்கள்.