தொடுதிரை இருந்தும் ஸ்டிக்கில் இத்தனை பொத்தான்கள் எதற்கு?

முகில்:
வீட்டில் விமான சிமுலேட்டர் ஓட்டுகிறவன். எஃப்-35 போர் விமானத்தில் 20 அங்குல அகலத்துக்குத் தொடுதிரை இருக்கிறது. அப்படியும் விமானத்தைத் திருப்பும் ஸ்டிக், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் இரண்டிலும் பொத்தான்கள் மொய்க்கின்றன. எல்லாவற்றையும் திரையிலேயே வைத்தால் என்ன?

கருவிப் பிரிவுக்காரர்:
தம்பி, நான் விமானக் கருவிகளைப் பழுதுபார்த்தவன். கண்ணை மட்டும் நம்பினால் பிசகும். பழைய உயரமானியில் மூன்று முட்கள்: ஒன்று நூறு அடிக்கு, ஒன்று ஆயிரத்துக்கு, ஒன்று பத்தாயிரத்துக்கு. மேசையில் நிதானமாக உட்கார்ந்திருந்த நானே ஒருமுறை 13,000ஐ 3,000 என்று எழுதிவிட்டேன். இரவில், மேகத்துக்குள், களைத்துப்போன விமானி என்ன செய்வார்? உளவியலாளர்கள் ஃபிட்ஸும் ஜோன்ஸும் 1947இல் விமானிகளின் தவறுகளைத் திரட்டியபோது இதே பத்தாயிரம் அடிப் பிசகு அதில் இருந்தது.

அதற்கு முன்பே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பி-17 குண்டுவீச்சு விமானிகள் தரையிறங்கிய பிறகு ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பு மடிப்பை) மடக்குவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். இரண்டு சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே வடிவம். உளவியலாளர் சாப்பனிஸ் சக்கர சுவிட்சின் நுனியில் சின்னச் சக்கரமும் ஃபிளாப் சுவிட்சில் ஆப்பு வடிவமும் பொருத்தச் சொன்னார். இன்றைக்கும் சக்கர நெம்புகோலின் நுனி சக்கரம் போலத்தான் இருக்கும். கையுறை போட்ட கைக்கும் தெரியும்.

வேல்:
பயிற்சி சரியாக இருந்தால் இதெல்லாம் தேவையா?

கருவிப் பிரிவுக்காரர்:
அவர்களும் பயிற்சி பெற்றவர்கள்தான். நெருக்கடியில் மனம் பழகிய இடத்துக்கே கையை அனுப்பும். அதை மதித்து வடிவமைக்க வேண்டும். ஆளைக் குறை சொல்லி விமானம் ஒன்றும் பத்திரமாக இறங்காது.

நிலா:
முகில், இன்னொன்று. 8 ஜி (புவியீர்ப்பைப் போல எட்டு மடங்கு) திருப்பத்தில் 4 கிலோ கை 32 கிலோ கனக்கும். அந்தக் கையைத் தூக்கித் திரையில் சரியான கட்டத்தைத் தொட முடியுமா? அதனால்தான் சண்டையில் வேண்டியதெல்லாம் விரல் நுனியில். திரை, ஆற அமரப் பார்ப்பதற்கு. அப்புறம், எஃப்-16இன் ஸ்டிக் முதலில் அசையவே அசையாது, அழுத்தத்தை மட்டும் உணரும். விமானிகளுக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்ற பிடி கிடைக்கவில்லை. பிறகு துளி அசைவு சேர்த்தார்கள்.

முகில்:
இப்போதுதான் கண்ணை மூடிக்கொண்டு என் த்ராட்டிலைத் தடவிப் பார்த்தேன். ஃபிளேர் (ஏவுகணையை ஏமாற்றும் தீப்பிழம்பு) பொத்தானும் ஏர்பிரேக் (காற்றில் வேகம் குறைக்கும் தடுப்பு) பொத்தானும் விரலுக்கு ஒன்றுபோலவே படுகின்றன. ஒன்றின் மேல் ரப்பர்த் துண்டு ஒட்டப்போகிறேன்.