ஷெல்லின் எக்ஸ்போர்ட் கட்டளைக்கு ‘கொடுத்துவிடு’

வணக்கம்.

ஷெல் என்பது நாம் தட்டச்சிடும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல். அதன் எக்ஸ்போர்ட் (export) கட்டளையைத் தமிழில் ‘ஏற்றுமதி’ என்றே வைத்துவிடலாம் என்ற முன்மொழிவில் எனக்கு உடன்பாடில்லை. திருகோணமலையில் மாணவர்களுக்கு லினக்ஸ் சொல்லிக் கொடுக்கிறேன். துறைமுக ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏற்றுமதி என்றால் கப்பலில் ஏறிப் போகும் சரக்குதான். “ஏற்றுமதி செய்தேன் சேர், எங்கே போனது?” என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. அந்தக் கட்டளையைக் கொடுத்த நொடியில் எதுவும் எங்கும் போவதில்லை. இனி இந்த ஷெல் தொடங்கும் ஒவ்வொரு செயன்முறைக்கும், அதாவது ஓடும் நிரலுக்கும், இந்த மாறியின் (பெயரிட்டு வைத்த மதிப்பின்) பிரதி போகட்டும் என்று குறித்து வைக்கிறோம், அவ்வளவுதான்.

‘பகிர்’ என்று வைத்தால் இன்னும் குழப்பும். பகிர்ந்ததை ஒருவர் மாற்றினால் மற்றவருக்கும் மாறும் என்றே படிப்பவர் எண்ணுவார்.

என் பரிந்துரை ‘கொடுத்துவிடு’. பாடசாலைக்குப் புறப்படும் பிள்ளையிடம் சோறு கட்டிக் கொடுத்துவிடுகிறோம். பானை வீட்டில்தான் இருக்கிறது. புறப்பட்டுப் போன பிள்ளைக்கு அப்புறம் கொடுத்துவிட முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் செயன்முறைக்கும் அப்படித்தான். பிள்ளை தன் சோற்றில் உப்பை அள்ளிப் போட்டாலும் வீட்டுப் பானை கரிக்காது.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இந்தக் கடைசி இடத்தில்தான். சோதனைத் தரவுத்தளத்துக்கு மாறுவதற்கான வரிகளை ஒரு கோப்பில் எழுதி, அதை ஸ்கிரிப்டாக, அதாவது தனி நிரல்போல, ஓட்டுவார்கள். ஷெல்லில் ஒன்றும் மாறியிருக்காது. ஸ்கிரிப்ட் இந்த ஷெல் தொடங்கும் ஒரு பிள்ளைச் செயன்முறை. அங்கே வைத்தது தாயான ஷெல்லுக்குத் திரும்பாது. சோர்ஸ் (source) கட்டளையால் அந்தக் கோப்பை இதே ஷெல்லில் ஓட்ட வேண்டும். சோர்ஸுக்கு ‘இங்கேயே ஓட்டு’ என்று குறித்து வைத்திருக்கிறேன், இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.

இன்னொன்று. இப்படிக் கொடுத்துவிடும் மாறியைக் குறிக்கும் ‘சூழல் மாறி’ என்பதைச் சேர்த்தே எழுதுவோம். “சூழல் மாறி இயங்கவில்லை” என்றால் மாறி இயங்கவில்லையா, சூழல் மாறியதால் நிரல் இயங்கவில்லையா? ‘சூழல்மாறி’ என்றால் இந்தச் சிக்கல் இல்லை.

பாஷ் (bash) என்ற ஷெல்லில் எக்ஸ்போர்ட்டுடன் ‘-என்’ (-n) சேர்த்தால் மாறி ஷெல்லில் இருக்கும், பிள்ளைகளுக்கு மட்டும் போகாது. அதற்குக் ‘கொடுத்துவிடாதே’ அப்படியே பொருந்துகிறது. ‘ஏற்றுமதி’ வேண்டும் என்பவர்கள் இதற்கு என்ன சொல் வைப்பீர்கள் என்று எழுதுங்கள்.